வெட்டில்லாத நாள்

ஏழாம் வகுப்பு ஆ பிரிவின் வருகைப் பதிவேட்டில்
றெஜினின் வரியை மட்டும் வாசித்தால் போதும்,
குலசேகரத்தில் எந்தெந்த நாள் மழை பெய்தது என்று
சொல்லிவிடலாம்.

வெயில் நாளெல்லாம் பெருக்கல் குறி.
மழைக்கு ஒரு சாய்கோடு.
அவன் அப்பன் மூன்று மணி இருட்டில்
நெற்றி விளக்கோடு மரத்தில் இழுக்கிற கோடும்
அதே சாய்வுதான்.

முப்பத்தொரு பேரில் பாதிகூட வராத காலையில்
உரச்சாக்கைத் தலைவழி கவிழ்த்துக்கொண்டு
சொட்டச் சொட்ட வந்து நிற்பான்.
"இண்ணைக்கு வெட்டில்ல, டீச்சர்"
விடுப்புக் கடிதம் நீட்டுகிறவனைப் போல
வந்ததற்குக் காரணம் சொல்வான்.

முந்நூறு மரம்.
அப்பனுக்கு முட்டு போயாச்சு, வெட்டத்தான் முடியும்.
சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து
சரிவில் வாளியோடு ஏறி இறங்க இவன்.
அளந்து முடியப் பத்தரை ஆகும்,
பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு.
நடுவில் கிடக்கிற அந்த ஒரு மணிக்கூறைத் தாண்டி
இரண்டு தடவை ஓடிவந்தான்.
தாமதம் என்று வாசலில் நிறுத்தினோம்.
நிறுத்தியது நான்தான்.

பிறகு மழைக்கு மட்டும்.

பேரரசு தொடங்கிய பாடத்துக்கு இருந்தான்,
அடுத்த மழைக்குள் அது வீழ்ந்துவிட்டிருந்தது.
தசமத்தில் புள்ளி வைக்கத் தெரியும்,
புள்ளிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாது.
விரல் இடுக்கில் காய்ந்த பாலை உரித்து உருட்டுவான்.
புளித்த வாடைக்கு முன்பெஞ்சு மூக்கைப் பொத்தும்.
ஒருநாள் தப்பாகப் போட்ட கணக்கை
எச்சில் தொட்டு அழித்துத் தாளையே கிழித்துவிட்டான்.
"ரப்பர் இல்லியா?" என்றேன்.
வகுப்பு சிரித்தது.
அவனும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

மாசியில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும்,
அந்த ஒரு மாசமாவது வருவானென்று
தனியாகப் பாடக்குறிப்பு எழுதி வைத்தேன்.
வெட்டில்லாத மாசம் கூலியில்லாத மாசம் என்று
பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லித்தரவில்லை.
ஆரல்வாய்மொழிப் பக்கம் சூளையில்
குடும்பத்தோடு செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஐப்பசியில் விடாத மழை.
கலெக்டர் நான்கு நாள் விடுமுறை அறிவித்தார்.
போனில் பார்த்துவிட்டு
மறுபடியும் போர்வையை இழுத்துக்கொண்டேன்.
ஐந்தாம் நாள் எதிர்க்கடைக்காரர் சொன்னார்:
"அந்தச் சாக்குப் பையன், டீச்சர்,
நாலு நாளும் வந்து கேட்டைப் பிடிச்சிட்டு நிண்ணான்.
லீவுடே போ என்றால்
மழைக்கு எதுக்கு லீவு என்று கேக்கான்."
அந்த ஐந்தாம் நாள்
நல்ல வெயில்.

இந்த வருஷம் வைகாசியில்
முதலாளி ஆள் விட்டு
மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டினார்.
பட்டையில் தார் பூசி, கொசுவம் வைத்து,
துளி இறங்காதபடி.
இனி மழையிலும் வெட்டு உண்டு.
நல்ல காரியம்தான், கூலி முடங்காது.
றெஜினின் அம்மா பஸ்ஸில் பார்த்தபோது
சந்தோஷமாகச் சொன்னாள்,
திங்கட்கிழமைக் குழுக்கடன் இனி தவறாது என்று.
எனக்கும் சந்தோஷமென்று சொன்னேன்.

எழுத்தறிவில் நம் மாவட்டத்தை யாரும் தொட முடியாதென்று
ஆண்டு விழாவில் பேசியதும் நான்தான்.

ஆனி முழுக்கப் பெய்கிறது.
பேச்சிப்பாறை பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கிறேன்.
சரிவெங்கும் மரங்கள்
ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் பாவாடை உடுத்து
பிரேயருக்கு நிற்பதைப் போல வரிசையில்.
ஒன்றுகூட ஆப்சென்ட் இல்லை.

வகுப்பில் பெயர் வாசிக்கிறேன்.
ஓட்டில் மழை விழுகிற சத்தத்தில்
பின்பெஞ்சிலிருந்து ஏதோ சொன்னது போலிருக்கிறது.
றெஜின்.
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
இன்னொரு முறை கூப்பிடுகிறேன்.